கொழுப்பு மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் ஒன்றாகச் சாப்பிடலாமா?

தென்காசி மகள்:
அப்பாவுக்கு 66 வயது. தை மாதம் இருதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்புக்கு ராத்திரி அட்டோர்வாஸ்டாடின் 40 மி.கி. வீட்டுக்கு வந்ததிலிருந்து மனுஷன் ஒடுங்கிப்போய்விட்டார். பேப்பரைத் தொடுவதில்லை, திண்ணைக்கு வருவதில்லை, விடியுமுன்னே எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார். மனநல டாக்டர் எஸ்சிட்டாலோபிராம் 5 மி.கி. எழுதிக்கொடுத்தார். "ரெண்டும் சேர்ந்தா தசை கரைஞ்சு கிட்னி போயிரும்" என்று சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்ததாம். அதைக் கேட்டு அப்பா கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். இது உண்மையா?

மருந்துக்கடைக்காரர்:
ஸ்டென்ட் வைத்தவர் கொழுப்பு மாத்திரையை நிறுத்துவதுதான் இதில் பெரிய ஆபத்தம்மா. இன்றைக்கே இருதய டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, மறுபடி ஆரம்பிக்கப் பாருங்கள்.

அந்தப் பயத்துக்கு ஒரு மூலம் இருக்கிறது. ஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை வகையில் அட்டோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் மூன்றையும் உடைப்பது சிஒய்பி3ஏ4 என்ற நொதி. அதை முடக்கும் மருந்து கூடச் சேர்ந்தால் ஸ்டாடின் ரத்தத்தில் தேங்கும். தசை சிதைந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், சிறுநீரகமும் அடிபடலாம். நெஃபசோடோன் என்ற மனச்சோர்வு மருந்து அப்படி முடக்குகிற ரகம். சிம்வாஸ்டாடினோடு அதைக் கொடுக்கவே கூடாது. ஃப்ளூவாக்ஸமின் என்றாலும் கொஞ்சம் கவனம் வேண்டும். எஸ்சிட்டாலோபிராமும் செர்ட்ராலினும் இந்த நொதியை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. உங்கள் அப்பாவுக்கு எழுதிய ஜோடி வழக்கமாகக் கொடுப்பதுதான்.

மன மாத்திரையையும் அவராகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

கோவை வாசு:
என் மாமியாருக்கு வம்பு வந்தது வேறு வழியில். சிம்வாஸ்டாடினும் செர்ட்ராலினும் பல வருஷமாகச் சேர்த்தே சாப்பிட்டு வந்தார், ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சுச்சளிக்கு ஒரு கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதுவும் அந்த நொதியை முடக்குகிற ரகம். பழைய சீட்டை யாரும் கேட்கவில்லை. அந்த வாரமே தொடை இரண்டும் கல்லாகி, பஸ் படியில் கால் தூக்க முடியவில்லை. தசை சிதைவைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை பார்த்தால் எக்கச்சக்கம். நல்லவேளை, சிம்வாஸ்டாடினையும் கிளாரித்ரோமைசினையும் நிறுத்தியதும் இறங்கிவிட்டது. இப்போது ரோசுவாஸ்டாடின். அது அந்த நொதி வழியாகப் போவதில்லை என்றார் டாக்டர்.

மருந்துக்கடைக்காரர்:
வாசு சொல்வது ரொம்ப முக்கியம். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லாச் சீட்டையும் எடுத்துப்போங்கள்.

தென்காசி மகளுக்கு இன்னொன்று. நான் கவலைப்படுவது கொழுப்பு மாத்திரையை நினைத்து இல்லை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு எஸ்சிட்டாலோபிராம் சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். பல் தேய்க்கும்போது ரத்தம், காரணமில்லாமல் தோல் கன்றிப்போவது, கறுத்த மலம் என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றுக்கு என்ன மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்? ஒமெப்ரசோல் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும், எஸ்சிட்டாலோபிராமின் அளவை ஏற்றும்.

தென்காசி மகள்:
பான்டோப்ரசோல்தான் அண்ணா. கொழுப்பு மாத்திரையை இன்று ராத்திரியே போடச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆனால் மூட்டுவலிக்கு அப்பா கடையில் டைக்லோஃபினாக் வாங்கிப் போடுவார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லையே?

மருந்துக்கடைக்காரர்:
அதை இப்போதே நிறுத்துங்கள். இருதயத்துக்கும் ஆகாது, ரத்தக்கசிவையும் கூட்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று நாளைக்கே டாக்டரைக் கேளுங்கள். அந்த மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.