ஸ்கிரீன்சேவரில் வட்டம் தப்பான இடத்தில் விழுகிறது

பைத்தானில் ஒரு ஸ்கிரீன்சேவர் எழுதுகிறேன். பெரிய வட்டத்துக்குள் ஒன்றையொன்று தொடும் வட்டங்களாக நிரம்பும் அப்பொலோனியன் கேஸ்கெட். உபுண்டு 22.04, படம் வரைய பைகேம் நூலகம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

ஒன்றையொன்று தொடும் நான்கு வட்டங்களின் வளைவுகளை இணைக்கும் டெகார்ட்டே தேற்றப்படி, வளைவு (1/ஆரம்; வெளி வட்டத்துக்கு மட்டும் கழித்தல் குறி) -1, 2, 2, 3 என்று தொடங்குகிறேன். அடுத்து 6, 15 என முழு எண்களாகவே வருகின்றன, அதனால் ஆரம் சரி. மையம்தான் தப்பு. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வளைவு 15 உள்ள இரண்டு வட்டங்கள் வர வேண்டும். மேலே உள்ளது இடைவெளியில் உட்காராமல் பக்கத்து வட்டத்தின் மேல் ஏறிவிடுகிறது.

மையத்தைக் கலப்பெண் வர்க்கமூலத்தால் கண்டுபிடிக்கிறேன். அந்த மூலத்துக்கு முன்னால் உள்ள கூட்டல் குறியைக் கழித்தலாக்கினேன். மேலே சரியானது, கீழே கெட்டது. அப்புறம் தசம இலக்கங்களின் எண்ணிக்கையை அதிகமாக்கிப் பார்த்தேன், பயனில்லை. சரியாக அமைந்த பகுதி அவ்வளவு அழகு, விட மனம் வரவில்லை.

ஒவ்வொரு முறையும் எந்தக் குறியை எடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?