ஸ்விஃப்ட் கரண்ட் பிராங்கோஸ்: 1989 கோப்பையை எப்படிச் சொல்வது?

வலைக்காவலன்:
ஜூனியர் ஐஸ் ஹாக்கி பற்றி இங்கே யாரும் எழுதக் காணோம், சரி, நானே ஆரம்பிக்கிறேன். ஜூனியர் என்றால் 16 முதல் 20 வயதுப் பையன்கள். வட அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லுக்குப் போகிறவர்களில் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். மேற்குக் கனடாவின் லீக் டபிள்யூஹெச்எல். அதில் சஸ்காட்சுவான் மாகாணத்தின் ஸ்விஃப்ட் கரண்ட் ஊருக்கு ஓர் அணி இருக்கிறது, பிராங்கோஸ். ஊரில் மொத்தம் 17,000 பேர்கூட இல்லை. எதிரே ஆட வருவது கல்கரி, எட்மன்டன், வான்கூவர்.

அணி 1967-ல் தொடங்கியது. பின்னாளில் பெரிய பெயர் எடுத்த பிரையன் ட்ராட்டியே, டைகர் வில்லியம்ஸ் எல்லாம் அங்கே ஆடியவர்கள்தான். ஆனாலும் கட்டுப்படியாகவில்லை. 1974-ல் அணி லெத்பிரிட்ஜுக்குப் போய்விட்டது. 12 வருடம் கழித்து, 1986-ல், ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து அதே அணியை விலைக்கு வாங்கித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முதலாளி கிடையாது, ஊர்தான் சொந்தக்காரர். இன்று வரை அப்படித்தான்.

திரும்பி வந்த முதல் சீசனிலேயே அடி. 1986 டிசம்பர் 30, ரெஜைனாவில் ஆட்டம். ஊரைத் தாண்டிச் சற்றுத் தூரம்தான் போயிருப்பார்கள், நெடுஞ்சாலையில் பனி உறைந்த இடத்தில் பஸ் வழுக்கிச் சாலையை விட்டுக் கவிழ்ந்தது. பின் இருக்கைகளில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நான்கு பேர் இறந்துபோனார்கள். ட்ரென்ட் கிரெஸ், ஸ்காட் க்ரூகர், கிறிஸ் மன்டிகா, பிரென்ட் ரஃப். ரஃபுக்கு 16 வயது.

அதற்கப்புறம் இரண்டரை வருடம்கூட ஆகவில்லை. 1989 மே மாதம், கனடா ஜூனியர் ஹாக்கியின் உச்சமான மெமோரியல் கோப்பை இறுதியாட்டம். சஸ்கட்டூனில், சஸ்கட்டூன் அணிக்கு எதிராகவே, ஓவர்டைமில் டிம் டிஸ்டேல் அடித்த கோலில் 4-3. பஸ்ஸில் உயிர் தப்பி, பின்னாளில் என்ஹெச்எல் நட்சத்திரமான ஜோ சாக்கிக் கையில் கோப்பை. இதைவிட ஒரு கதை ஹாக்கியில் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

நீலக்கோடு:
முதலில் ஒரு திருத்தம். சாக்கிக் அந்தக் கோப்பையைத் தொடவே இல்லை. 1987-88-ல் 64 ஆட்டங்களில் 160 புள்ளி (அடித்த கோலும், கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்துவிட்டு அடுத்த சீசனே என்ஹெச்எல்லின் க்யூபெக் நார்டிக்ஸுக்குப் போய்விட்டார். 1989 அணியில் இருந்தது அவர் தம்பி பிரையன் சாக்கிக். 'சாக்கிக் கோப்பை' என்று எழுதுவது பாதி இணையத்தில் நடக்கிறது, நீங்களும் அதே குழியில் விழுந்தீர்கள்.

மற்றபடி அந்த அணி பிரமாதம்தான், மறுக்கவில்லை. சீசனில் 55 வெற்றி, 16 தோல்வி, ஒரு டிரா. சீசன் முடிந்ததும் சாம்பியனைத் தீர்மானிக்கும் லீக் பிளேஆஃபில் 12-க்கு 12 வெற்றி. எதிரணியில் ஒருவன் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கும் பவர்பிளே கோல்கள் மட்டும் 180. நூறு புள்ளியைத் தொட்டவர்கள் ஐந்து பேர்.

வலைக்காவலன்:
சாக்கிக் விஷயம் என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதை மாறவில்லையே.

மிசிசாகா அம்மா:
கதை மாறும் தம்பி. நீங்கள் இவ்வளவு எழுதினீர்கள், அந்த அணியின் கோச் பெயரை மட்டும் எழுதவில்லை. மறந்துவிட்டீர்களா, விட்டுவிட்டீர்களா?

கிரஹாம் ஜேம்ஸ். 1986-லிருந்து 1994 வரை அங்கே கோச். 1989-ல் ஒரு ஹாக்கிப் பத்திரிகை அவரை அந்த ஆண்டின் சிறந்த மனிதர் என்று தேர்ந்தெடுத்தது. 1997 ஜனவரியில் அதே மனிதர் தன்னிடம் ஆடிய பையன்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மூன்றரை வருடம் சிறை. முன்வந்து பெயர் சொல்லிப் பேசியவர் ஷெல்டன் கென்னடி. அந்த பஸ்ஸில் இருந்தவர், அந்த 1989 கோப்பையைத் தூக்கியவர்.

அதாவது நீங்கள் சொல்லும் 'துயரத்திலிருந்து எழுந்த அணி' கதை நடந்துகொண்டிருந்தபோதே இதுவும் நடந்துகொண்டிருந்தது. அதே பஸ், அதே அரங்கம்.

எனக்கு 14 வயதில் ஒரு மகன் இருக்கிறான். கோல்காவலன். இந்த வருடம் அணிகளுக்கு ஆள் தேடும் இரண்டு ஸ்கவுட்டுகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்டாரியோவின் ஜூனியர் லீக்கான ஓஹெச்எல்லில் எடுத்தால் 16 வயதில் வேறு ஊரில், முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி ஆட வேண்டும். அணியின் வரலாறு என்று நான் படிக்கும்போது எனக்கு வேண்டியது ஓவர்டைம் கோல் இல்லை.

வலைக்காவலன்:
அக்கா, மறக்கவில்லை. தெரிந்தேதான் விட்டேன், காரணமும் சொல்கிறேன். அந்த ஆளின் பெயரைக் கோப்பையோடு சேர்த்துச் சொல்வதே அவருக்கு ஒரு மரியாதை மாதிரி ஆகிவிடுகிறது. கோல் அடித்தது டிஸ்டேல். மெமோரியல் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் டான் லாம்பர்ட். விபத்தில் இறந்த ஸ்காட் க்ரூகரின் சகோதரர்கள் டேரனும் ட்ரெவரும் அந்த அணியில் இருந்தார்கள். அண்ணனோ தம்பியோ செத்த அதே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடி ஜெயித்த பையன்களின் வெற்றி அது. அதன் மேல் அந்தக் குற்றவாளியின் நிழலை ஏன் போட வேண்டும்? பாதிக்கப்பட்டவர்களிடமிருந்தே கோப்பையையும் பிடுங்குவது போல இல்லையா?

நீலக்கோடு:
இதில் வலைக்காவலன் பக்கம்தான் நான். குற்றம் கோச்சுடையது. கோப்பை ஆட்டக்காரர்களுடையது. இரண்டையும் இரண்டு இழையாக வைத்துக்கொள்வோமே.

மிசிசாகா அம்மா:
இரண்டு இழையாகப் பிரித்ததால்தான் பத்து வருடம் யாருக்கும் தெரியவில்லை என்கிறேன்.

விபத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். நான்கு நண்பர்களைப் புதைத்த பையன்கள். அவர்களுக்கு மனநல ஆலோசகர் யாரையும் வைக்கவில்லை. வெளி ஆள் வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம் என்று கோச் தடுத்துவிட்டதாக உயிர் பிழைத்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஏன் தடுத்தார் என்று இப்போது புரிகிறதா? ஆலோசகரிடம் ஒரு பையன் மனம் விட்டுப் பேசினால் விபத்தோடு நின்றுவிடுமா? ஆனால் அன்று ஊரும் பத்திரிகையும் அதை எப்படிப் பார்த்தன? 'துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அப்பா மாதிரிக் கட்டிக்காத்த கோச்' என்று. உங்கள் முதல் பதிவில் இருக்கும் கதை வேறு, அது வேறு இல்லை தம்பி. அந்தக் கதைதான் அவருக்குக் கவசமாக இருந்தது.

வலைக்காவலன்:
இந்தக் கோணம் நான் யோசிக்காதது. யோசிக்க வேண்டியது. ஆனாலும் 'கதைதான் கவசம்' என்பது கொஞ்சம் அதிகம். அந்த ஆள் விபத்துக்கு முன்னாலேயே, வினிபெக்கில் இருந்த காலத்திலேயே ஆரம்பித்துவிட்டார். கென்னடியை அவர் முதலில் பிடித்ததே அங்கேதான், 14 வயதில். அப்போது எந்தக் கதையும் இல்லை, எந்தக் கோப்பையும் இல்லை.

ஸ்கார்பரோ சித்தப்பா:
நான் ஹாக்கி பெரிதாகப் பார்ப்பதில்லை, வேலை முடிந்து டிவியில் ஓடினால் பார்ப்பேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இது சின்ன ஊர் என்பதால் வந்த வினை இல்லையா? 17,000 பேர் இருக்கும் இடத்தில் அணிதான் எல்லாம். கோச்சை எதிர்த்து எந்தத் தகப்பன் வாய் திறப்பான்? காசு போட்டவன், டிக்கெட் விற்பவன், பையனுக்கு வீட்டில் இடம் கொடுப்பவன் எல்லாம் ஒரே ஆட்கள். பெரிய நகரமென்றால் ஒருவராவது கேள்வி கேட்டிருப்பார்.

வயல்வெளி:
இத்தனை நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், சித்தப்பா எழுதியதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் சஸ்காட்சுவானிலேயே, மூஸ் ஜாவில் இருக்கிறேன். வேலை விஷயமாக மாதம் ஒருமுறை ஸ்விஃப்ட் கரண்ட் போவேன். ஆட்டம் இருந்தால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

சின்ன ஊர் மேல் பழி போடாதீர்கள். அவர் 1994-ல் ஸ்விஃப்ட் கரண்டை விட்டதும் எங்கே போனார்? கல்கரி. அங்கே புதிதாகத் தொடங்கிய ஹிட்மென் அணியில் கோச், பங்குதாரரும்கூட. பெரிய நகரம் ஏதாவது கேட்டதா? சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு 2007-ல் அவருக்குச் சட்டப்படி மன்னிப்பு கொடுத்தது ஊர் இல்லை, மத்திய அரசின் பரோல் வாரியம். மூன்று வருடம் கழித்து அது வெளியே வந்து நாடே கொதித்த பிறகுதான் சட்டத்தை மாற்றினார்கள். கடைசியாக 2015-ல், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஆடிய இன்னொருவர் கொடுத்த வழக்கில் அவருக்குத் தண்டனை கொடுத்தது எந்த நீதிமன்றம் தெரியுமா? ஸ்விஃப்ட் கரண்டில்தான்.

அந்த அரங்கத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மூவாயிரம் இருக்கைகூடக் கிடையாது. ஜனவரியில் வெளியே மைனஸ் முப்பது, உள்ளே வந்ததும் கண்ணாடியில் புகை படிந்து ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பனித்தளத்துப் பக்கத்தில் நின்றால் ஒரு பையன் திரும்பும்போது ஸ்கேட் கிளப்பும் பனித்தூள் கண்ணாடித் தடுப்பில் சர்ரென்று அடிக்கும். அணியின் அடையாளமாக ஒரு நான்கிலைச் சின்னம் உண்டு. ஓர் இலைக்கு ஒரு எண்: 8, 9, 11, 22. இறந்த நான்கு பேரின் எண்கள். லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் கோப்பைக்கும் அந்த நால்வரின் நினைவாகத்தான் பெயர். விபத்து நடந்த இடத்தில் 30 வருடம் கழித்து நினைவுச் சின்னம் வைத்தார்கள். இறந்தவர்களை இந்த ஊர் மறக்கவில்லை. உயிரோடு இருந்தவர்களைப் பார்க்கத் தவறியது என்று வேண்டுமானால் சொல்லுங்கள், அதை நானும் ஒத்துக்கொள்வேன்.

ஸ்கார்பரோ சித்தப்பா:
சரி, கல்கரி விஷயம் எனக்குத் தெரியாது. ஊர் அளவு காரணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போ காரணம் என்ன?

மிசிசாகா அம்மா:
அதிகாரம்தான். யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது, யாரை எந்த ஊருக்கு டிரேட் செய்வது, என்ஹெச்எல் ஸ்கவுட் வந்தால் யாரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது, எல்லாம் ஒரே ஆளிடம். பையனோ வீட்டிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. சின்ன ஊரோ பெரிய ஊரோ, இந்த அமைப்பு ஒன்றுதான்.

நீலக்கோடு:
கென்னடி பேசியதால்தான் கொஞ்சமாவது மாறியது. அவர் 1998-ல் ரோலர் பிளேடு கட்டிக்கொண்டு கனடாவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை போனார், இந்த விஷயத்தை மக்களிடம் கொண்டுபோக. அப்புறம் 2018 ஏப்ரலில் ஹம்போல்ட் பிராங்கோஸ் பஸ் விபத்து. அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், பெயர் ஒன்று என்பதால். அது வேறு லீக், வேறு ஊர், 16 பேர் இறந்தார்கள். கென்னடியும் பழைய ஸ்விஃப்ட் கரண்ட் ஆட்கள் சிலரும் அங்கே போய், உயிர் தப்பியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். தங்களுக்கு 1986-ல் கிடைக்காததை அந்தப் பையன்களுக்குக் கொடுத்தார்கள். புதிய நெடுஞ்சாலை பஸ்களில் சீட் பெல்ட் கட்டாயம் என்று ஆனது 2020-ல்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் விபத்திலிருந்து கிட்டத்தட்ட 34 வருடம்.

முன்னே 'இரண்டு இழை' என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். எழுதி முடித்த பிறகு அது முட்டாள்தனமாகத் தெரிகிறது.

வலைக்காவலன்:
நான் முழுசாக வாபஸ் வாங்க மாட்டேன். 2018-ல் ஸ்விஃப்ட் கரண்ட் அணி மறுபடி லீக் சாம்பியன், 1993-க்குப் பிறகு 25 வருடம் கழித்து. இறுதியில் அமெரிக்காவின் எவரெட் அணியை ஆறு ஆட்டங்களில் தோற்கடித்தார்கள். கோல் காத்தது ஸ்டூவர்ட் ஸ்கின்னர், சீசன் நடுவில் லெத்பிரிட்ஜிலிருந்து வந்தவர். (1974-ல் அணியைக் கொண்டுபோன ஊரிலிருந்து! கடன் தீர்ந்தது என்று சிரித்துக்கொண்டேன்.) அடுத்த சீசன் 68 ஆட்டத்தில் 11 வெற்றிதான். சின்ன ஊர் அணி எதிர்காலத்தை அடகு வைத்துத்தான் ஒரு கோப்பையைத் தொட முடியும். இந்தப் பையன்கள் யாருக்கும் 1997-க்கும் சம்பந்தம் இல்லை. அணியின் பெயரைச் சொன்னாலே அந்த ஆளில் போய் நிற்கக் கூடாது என்பதுதான் என் பயம்.

வயல்வெளி:
அந்தப் பயம் நியாயமானது. நீங்கள் முதல் பதிவைத் திருத்தப் போகிறீர்களா?

வலைக்காவலன்:
சாக்கிக் வரியை எடுத்துவிட்டேன். கோச் பெயரை எழுதி, 1997 வழக்கையும் கீழே ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

மிசிசாகா அம்மா:
பார்த்தேன். 'பின்குறிப்பு' என்று தலைப்புப் போட்டுக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். 1989 கோப்பை வரி நடுவில் இருக்கிறது. அந்தக் கோப்பையைத் தூக்கிய கென்னடிக்கு நடந்தது அங்கேயே வரட்டும், அதே பத்தியில்.

வலைக்காவலன்:
அப்படி வைத்தால் டிஸ்டேல் கோல் அடிபட்டுப் போகுமே அக்கா.

மிசிசாகா அம்மா:
கோல் எங்கேயும் போகாது தம்பி. ஓவர்டைமில் அடித்த கோல் அது, ஒரு பத்தியைத் தாங்கும்.

வலைக்காவலன்:
ராத்திரி உட்கார்ந்து மாற்றிப் பார்க்கிறேன். பிடிக்கவில்லை என்றால் திரும்பப் பழையபடியே வைப்பேன், சொல்லிவிட்டேன்.