பார்வைப்புலக் குறுக்கம்: ஒரு சொல் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்துக்கான நோயாளர் கையேட்டைத் தமிழில் எழுதும்போது 'விஷுவல் ஃபீல்ட் கன்ஸ்ட்ரிக்‌ஷன்' என்பதற்கு, அதாவது பக்கவாட்டில் தெரியும் பரப்பு குறைந்துபோவதற்கு, தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். மறுமொழி தந்த எல்லோருக்கும் நன்றி. முதலில் இந்த மடலுக்கு வருகிறேன்:

> 'பார்வை மங்கலாம்' என்று எளிமையாகப் போட்டால் போதாதா? படிப்பவருக்குச் சட்டென்று புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். என் கவலையே அதுதான். இந்த மருந்தால் பார்வை பாதிக்கப்படுகிறவர்களில் பலருக்கு நேர் எதிரே இருப்பது தெளிவாகவே தெரியும். பொடி எழுத்தைக்கூட வாசித்துவிடுவார்கள். குறைவது ஓரங்கள். இரண்டு கண்களிலும், பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி, காணும் வட்டம் சிறுத்துக்கொண்டே வரும். விடுபட்ட இடத்தை மூளை கறுப்பாகக் காட்டாது என்பதால் இழப்பு நடப்பதே தெரியாது. கதவு நிலையில் தோள் இடிக்கும். பக்கவாட்டில் நீட்டிய டம்ளர் கண்ணில் படாது. 'மங்கலாம்' என்று படித்தவர் என்ன செய்வார்? செய்தித்தாளை எடுத்து வாசித்துப் பார்ப்பார், 'சரி, நன்றாகத்தானே தெரிகிறது' என்று சோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவார்.

மங்கல் என்ற சொல் வேறோர் இடத்துக்குத் தேவைப்படுகிறது. டோபிரமேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தில், பெரும்பாலும் முதல் மாதத்துக்குள், திடீரென்று பார்வை மங்கிக் கண் வலிக்கலாம். கண்ணழுத்தம் ஏறுவதன் அறிகுறி அது. அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு ஆபத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இரண்டுமே தெளிவில்லாமல் போகும்.

'கடைக்கண் இழப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கடைக்கண்ணால் பார்ப்பது என்றால் விழியை ஓரத்துக்குத் திருப்பிப் பார்ப்பது. இங்கே பேச்சு, விழியைத் திருப்பாமலே ஓரத்தில் தெரிவதைப் பற்றியது. 'சுரங்கப் பார்வை' முற்றிய நிலைக்குப் பொருந்தும். நடுப்புள்ளியிலிருந்து 10 பாகைக்குள் பார்வை ஒடுங்கிவிடுவதும் உண்டு. கையை நேரே நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அந்த முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. இரண்டு முட்டி அகல வட்டத்துக்குள் உலகம் முழுவதும் அடங்கிவிடுவதை நினைத்துப் பாருங்கள். ஆனால் தொடக்க நிலையில் இருப்பவர் அந்தச் சொல்லைப் படித்தால் 'எனக்கு அப்படி இல்லையே' என்றுதான் நினைப்பார்.

என் முன்மொழிவு, பார்வைப்புலக் குறுக்கம். புலம் என்றால் வயல், பரப்பு. காந்தப்புலம், மின்புலம் என்று பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொல். 'சுருக்கம்' வேண்டாம். சுருங்கியது விரியும் என்ற நினைப்பை அது தரும். இந்த இழப்போ திரும்புவதில்லை. குறுக்கம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஐகாரக் குறுக்கத்தில் ஐ எழுத்து அப்படியே நிற்கிறது, அதன் அளவு மட்டும் இரண்டு மாத்திரையிலிருந்து குறைந்துவிடுகிறது. இங்கேயும் கண் இருக்கிறது, கூர்மையும் இருக்கிறது, அளவு குறைந்துவிட்டது.

அப்புறம் 'பேஸ்லைன்', அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முதலில் எடுத்துவைக்கும் அளவு. 'தொடக்கச் சோதனை' என்றால் ஏதோ சடங்குக்குச் செய்வதுபோல ஒலிக்கிறது. 'முதலளவு' எனலாமா? கையில் இருந்த முதல் எவ்வளவு என்று தெரியாமல் நட்டத்தைக் கணக்கிட முடியாதே. பிரிட்டனில் 1989 முதல் புழக்கத்தில் இருந்த மருந்து இது. புலக் குறுக்கம் பற்றிய அறிக்கை வந்தது 1997-இல். 2009-இல் அமெரிக்கா அனுமதித்தபோது கட்டமிட்ட எச்சரிக்கையோடுதான், அதாவது மருந்துக் குறிப்பில் கட்டத்துக்குள் இடும் மிகக் கடுமையான எச்சரிக்கையோடுதான், அனுமதித்தது. பெரியவர்களில் 30 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் பாதிப்பு வரலாம் என்கிறது அங்குள்ள மருந்துக் குறிப்பு. மருந்து தொடங்கி 4 வாரத்துக்குள் முதலளவு, பிறகு குறைந்தது 3 மாதத்துக்கு ஒருமுறை சோதனை, நிறுத்திய பின் 3 முதல் 6 மாதத்தில் இன்னொன்று என்பது அதில் உள்ள கால வரிசை.

சோதனையையும் ஒரு வரியில் விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்: தாடையைத் தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரத்தில் ஒளிப்பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கைக்குழந்தையிடம் இதைச் செய்ய முடியாது. அங்கே ஒளி படும்போது விழித்திரையில் எழும் மின் துலங்கலை அளப்பது போன்ற வழிகள்தான். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்புக்கு இந்த மருந்து பெரிதும் பயன்படுவதால், பெற்றோருக்கான பகுதியைத் தனியாகவே எழுதுகிறேன்.

கையேட்டில் வரப்போகும் வரிகள் இவை:

"இந்த மருந்தால் பார்வைப்புலக் குறுக்கம், அதாவது பக்கவாட்டில் தெரியும் பரப்பு குறைந்துபோவது, ஏற்படலாம். எழுத்து தெளிவாகத் தெரிந்தாலும் இது நடந்துகொண்டிருக்கலாம். போன பார்வை திரும்பாது. சோதனை நாளைத் தவறவிடாதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு கூடலாம்."

'குறுக்கம்' என்பதைவிடக் 'குறுகல்' காதுக்கு இயல்பாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

அன்புடன்