எந்த நம்பரைப் போடறது?

சென்னையை ஒட்டிய ஓர் உள்ளாட்சி அமைப்பின் சொத்து வரி இணையதளத்தை எளிமையாக்கும் வேலையில் ஏழெட்டு மாதம் இருந்தேன், எந்த ஊர் என்பது வேண்டாம். முதல் இரண்டு வாரம் மெனுவை மேலே வைக்கலாமா பக்கவாட்டில் வைக்கலாமா என்று வரைந்து வரைந்து அழித்ததுதான் மிச்சம். அப்புறம் ஏப்ரல் கடைசியில் வரி வசூல் கவுண்டருக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். 30-ம் தேதிக்குள் கட்டினால் அந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு, அதனால் நல்ல கூட்டம்.

வரிசையில் ஓர் அம்மா, அறுபத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் பையிலிருந்து பழைய ரசீதை எடுத்தார், மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. "பையன் போன்லயே கட்டிடலாம்னான் தம்பி, இதுல எந்த நம்பரைப் போடறதுன்னே தெரியல" என்றார். வாங்கிப் பார்த்தேன். ரசீது எண், வார்டு எண், பழைய கதவு எண், புதிய கதவு எண், பழைய வரி விதிப்பு எண், புதிய வரி விதிப்பு எண் என்று ஒரே தாளில் ஆறு எண்கள். எங்கள் தளமோ 'மதிப்பீட்டு எண்' என்று கேட்டுக்கொண்டிருந்தது! அந்தச் சொல்லே ரசீதில் கிடையாது. அதுவும் வரி விதிப்பு எண்ணும் ஒன்றுதான் என்று அவருக்கு யார் சொல்வது?

அன்றைக்கே மெனுவை ஓரமாக வைத்துவிட்டோம். வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது எவ்வளவு பாக்கி என்பது மட்டும்தான். அதனால் முகப்பில் ஒரே பெட்டி, பக்கத்தில் ரசீதின் படம், எந்த எண் என்று சிவப்பு வட்டம், ரசீதில் இருக்கும் அதே சொல். பழைய எண்ணைப் போட்டாலும் தளமே புதியதைக் கண்டுபிடிக்கும். தொகையைப் பார்க்க லாகினும் ஓடிபியும் தேவையில்லை.

பழைய எண்ணில் நான் பிடிவாதமாக இருந்ததற்கு என் மாமாதான் காரணம். அவர் அம்பத்தூர்க்காரர், அது 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சி. நகராட்சிக் காலத்து ரசீதுகளை இன்னும் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். ஊர் எல்லை மாறும், வார்டு மாறும், வீட்டு பீரோவில் இருக்கும் காகிதம் மாறாது, அதை வைத்துத்தான் மக்கள் தேடுவார்கள்.

இன்னொன்று நான் நினைத்தே பார்க்காதது. எண்ணைச் சரியாகப் போட்டு, காலமான அப்பாவின் பெயர் திரையில் வந்ததும் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள் அன்று மட்டும் மூன்று பேர். பெயர் மாற்றம் செய்யாமல் கட்டினால் ஏதாவது சிக்கலாகுமோ என்று பயம். தொகைக்குக் கீழே "பெயர் மாற்றம் ஆகாவிட்டாலும் வரி செலுத்தலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், அந்த ஒரு வரிக்கு ஒப்புதல் வாங்கவே மூன்று வாரம் ஆனது. மொத்த வேலையிலும் உருப்படியாக நான் செய்தது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுக்குமாடி வீடுகள்தான் இன்னும் சரியாகவில்லை. கதவு எண்ணைப் போட்டால் பதினாறு வீடும் வரிசையாக வந்து நிற்கின்றன, சில பதிவுகளில் எந்த மாடி என்பதே இல்லை. அதை பில் கலெக்டர்கள் நேரில் போய்ப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.