ஈசி தேவையா இல்லையா? லோன் நிக்குது, அவசரம்

ஆவடி_பில்டர்: அடுக்குமாடி புராஜெக்ட். ஏரியா லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, ஈசி தேவையில்லைனு ஆர்க்கிடெக்ட் சொன்னார். இப்போ பேங்க் லீகல்ல ஈசி எங்கேனு கேக்கறாங்க. யாராவது சீக்கிரம் சொல்லுங்க சார்.

மண்வெட்டி: பதிவுத்துறை தளத்துல சர்வே நம்பர் போட்டு 30 வருஷத்துக்கு எடுங்க. இதுக்கா அவசரம்?

பழைய_வரைபடம்: அது வில்லங்கச் சான்று ஐயா, அதுவும் ஈசிதான். இவர் கேக்கறது சுற்றுச்சூழல் அனுமதி. ‘லிமிட்டுக்குள்ள’னா எந்தக் கணக்குல தம்பி? எஃப்எஸ்ஐயா (மனை அளவை வெச்சு அனுமதிக்கற தளப்பரப்பு), மொத்தமாக் கட்டற பில்ட்-அப்பா? இந்த வித்தியாசம் தெரியாமலே பூஜை போட்டுடறாங்க.

சதுரஅடி: சுயசான்று பிளான் அனுமதியில போட முடியாதா? 2024 ஜூலைல வந்துச்சே.

பழைய_வரைபடம்: அது 2,500 சதுர அடி மனையில 3,500 சதுர அடி வீட்டுக்கு. அடுக்குமாடிக்கு இல்ல.

கான்கிரீட்_குமார்: ஈசி லிமிட்டை 50,000 சதுர மீட்டரா ஏத்திட்டாங்களே?

ஈரநிலம்: 2018 நவம்பர்ல ஏத்தினாங்க, அதே மாசம் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. லிமிட் 20,000 சதுர மீட்டர்தான். @ஆவடி, ஸ்டில்ட் (தூண் மேல கட்டடம், கீழே பார்க்கிங்), பேஸ்மென்ட், பம்ப் ரூம், ஜெனரேட்டர் ரூம் எல்லாம் தனித்தனியா எவ்வளவு? எத்தனை வீடு?

ஆவடி_பில்டர்: 112 வீடு. எஃப்எஸ்ஐ 14,900 சதுர மீட்டர். ஸ்டில்ட் 2,700, பேஸ்மென்ட் 3,100, மத்தது 180.

ஈரநிலம்: கூட்டினா 20,880. பார்க்கிங்கை எஃப்எஸ்ஐ கணக்குல விட்டுடும், 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை விடாது. அதுல பில்ட்-அப்னா பேஸ்மென்ட், சர்வீஸ் ஏரியா உட்பட எல்லாத் தளமும். 880 தாண்டியாச்சு, ஈசி கட்டாயமான 8(ஏ) பட்டியல்ல வந்துட்டீங்க.

கான்கிரீட்_குமார்: ரெண்டு ஃபேஸா பிரிச்சுப் போடுங்க, முடிஞ்சது.

ஈரநிலம்: ஒரே ரோடு, ஒரே எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்). ஒரே புராஜெக்ட்னுதான் பார்ப்பாங்க. பேஸ்மென்டைக் குறைச்சு மெக்கானிக்கல் பார்க்கிங் போட்டு பிளானைத் திருத்தறது ஒரு வழி. இல்லைனா பரிவேஷ்ல (சுற்றுச்சூழல் அனுமதி இணையதளம்) பி2 வகையா போடுங்க: படிவம் 1, 1ஏ, கான்செப்ச்சுவல் பிளான். பொதுமக்கள் கருத்துக் கேட்பு கிடையாது. மதிப்பீட்டுக்கு 60 நாள், முடிவுக்கு 45, அதுவும் முழு விண்ணப்பம் சேர்ந்த நாள்ல இருந்துதான். பெரும்பாலும் தண்ணிக் கணக்குலதான் குறை சொல்லித் திருப்புவாங்க. வீட்டுக்கு 5 பேர், 560 பேர், தலைக்கு 135 லிட்டர்: நாளைக்கு 75,600 லிட்டர். இதுல 45 லிட்டர் ஃப்ளஷ்ஷிங், அது எஸ்டிபி தண்ணியில இருந்து வரணும். கழிவு 68,000 லிட்டர் பக்கம் வரும், எஸ்டிபி 75 கிலோலிட்டருக்குக் குறையக் கூடாது. மிச்சத் தண்ணி எங்கே போகுதுனு காட்டலைனா கேள்வி நிச்சயம். வெள்ள அபாயத்துக்கு நீர்வளத் துறை சான்றை இப்பவே கேட்டு வைங்க. வேலை ஆரம்பிச்சாச்சா?

ஆவடி_பில்டர்: அஸ்திவார பைல் (pile) 40 போட்டாச்சு.

பழைய_வரைபடம்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அனுமதிக்கு முன்னாடி சுற்றுச்சுவர், வேலி மாதிரி இடத்தைப் பாதுகாக்கறதுதான் போடலாம். பைல் போட்டா விதிமீறல்.

கான்கிரீட்_குமார்: பயப்படாதீங்க. வேலை ஆரம்பிச்ச பிறகும் அனுமதி வாங்கலாம்னு 2025 நவம்பர் 18ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு.

ஈரநிலம்: அப்படிச் சொல்லல. அப்படி அனுமதி தர்றதுக்குத் தடை போட்ட அதே வருஷம் மே 16 வனசக்தி தீர்ப்பை 2-1ல திரும்பப் பெற்றாங்க, நீதிபதி புயான் மாறுபட்டார். வழக்கு மறுபடி விசாரணைக்கு.

கான்கிரீட்_குமார்: தடை போயிடுச்சுல்ல, பிறகு என்ன? 2025 ஜனவரி 29 அறிவிக்கையிலயும் விலக்கு கொடுத்தாங்களே.

பழைய_வரைபடம்: அது தொழிற்கூடம், பள்ளி, கல்லூரி, விடுதிக்கு. அந்த விலக்கையும் உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 5ல ரத்து பண்ணியாச்சு. வீட்டுக்கு என்னைக்குமே இல்ல. தலைப்பை மட்டும் படிச்சா இப்படித்தான்.

கான்கிரீட்_குமார்: நீங்கதான் எல்லாம் படிச்சவர், சரி.

ஈரநிலம்: சண்டையை விடுங்க. விதிமீறலுக்கான 2021 ஜூலை நடைமுறைப்படி அபராதம் அதுவரை செலவானதுல 1%, தானா முன்வந்து சொன்னா பாதி. அதை நம்பி வேலையைத் தொடராதீங்க @ஆவடி. முதல்ல பைல் போடற ரிக்கை நிறுத்துங்க.

ஆவடி_பில்டர்: ரிக் நிறுத்தியாச்சு. பேங்க் கேட்டது வில்லங்கச் சான்றாம், கொடுத்துட்டேன். திங்கள் ஆர்க்கிடெக்ட் வர்றார், பேஸ்மென்ட் குறைக்கறோம்.

மண்வெட்டி: 🙂