பிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் என் சிஎன்சி நின்றுவிடுகிறது

வெள்ளவத்தை:

வீட்டின் பின்னறையில் ஒரு சிறிய சிஎன்சி மில்லிங் இயந்திரம் (கணினி சொல்லும் வழியில் தானாக வெட்டுவது) வைத்திருக்கிறேன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை, கோயில் உபயகாரர்களுக்குப் பித்தளைத் தகடு, பரிசுக் கேடயங்களுக்கு அடிக்கட்டை என்று வெட்டிக் கொடுக்கிறேன். சட்டம் பழைய இரும்பு. மூளை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும் அதில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளும். மோட்டார்களை ஓட்டும் மின்சுற்றுப் பெட்டிகளாக மூன்று டிஎம் 542 டிரைவர்கள், 36 வோல்ட் பவர் சப்ளை ஒன்று. இரண்டு வருடமாக ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.

கார்த்திகை மழை தொடங்கிய பிறகு நடுவழியில் நிற்கத் தொடங்கியது. திரையில் 'அலாரம் 1'. அதாவது, ஓட்டத்தின் எல்லையில் இருக்கும் லிமிட் சுவிட்சில் முட்டிவிட்டதாம். மேசை நடுவில் நிற்கிறது, சுவிட்ச் ஒரு சாண் தள்ளி இருக்கிறது, எங்கே முட்டியது? ஒரு பித்தளைத் தகட்டில் 'உபயம்' என்று வெட்ட வேண்டியது, 'உப' என்பதோடு நின்றுபோயிற்று. அந்தத் தகடு இன்னும் என் மேசையில் காகிதங்களின் மேல் பாரமாகக் கிடக்கிறது.

செய்ய வேண்டிய முட்டாள்தனங்களையெல்லாம் வரிசையாகச் செய்தேன். யூஎஸ்பி கேபிளை மாற்றினேன். ஆர்டுயினோவை மாற்றினேன். ஒரு டிரைவரையும் மாற்றினேன். ஏன் என்று இன்றைக்குக் கேட்டால் பதில் இல்லை. மூன்றாவது கிழமை, சமையலறையிலிருந்து அம்மாதான் சொன்னார்: "பிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் உன்னுடையது நிற்கிறது, கவனித்தாயா?" நான் கவனிக்கவில்லை. அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். பிரிட்ஜ் ஏழு தடவை ஓடத் தொடங்கியது, ஐந்து தடவை அலாரம்.

இன்னொன்றும் உண்டு. வெறுங்காலோடு நின்று ஸ்பிண்டில் (வெட்டும் முனையைச் சுழற்றும் மோட்டார்) பிடியைப் புறங்கையால் தொட்டால் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. டெஸ்டரை வைத்தேன், மங்கலாக எரிந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை இயந்திரச் சட்டத்திலும் மற்றதை நியூட்ரலிலும் வைத்தால் 108 வோல்ட். மின்கசிவு வந்தால் மின்சாரத்தை அறுக்கும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஒழுங்காக விழுகிறது, ஆகவே எர்த் சரி என்றுதான் நினைக்கிறேன். போதாக்குறைக்கு, வெட்டும் முனையை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சும் சில வேளை ஆழம் தவறுகிறது. யாருக்காவது இப்படி நடந்ததா?

மொறட்டுவை:

அண்ணா, அந்த 108 வோல்ட் மர்மம் ஒன்றும் இல்லை. பவர் சப்ளையின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கப்பாசிட்டர்கள் இருக்கும் (பள்ளியில் 'கொள்ளளவி' என்று படித்தோமே, அதுதான்). ஒன்று லைவிலிருந்து சட்டத்துக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து சட்டத்துக்கு. சட்டம் இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. 230இல் பாதி 115. மல்டிமீட்டரும் கொஞ்சம் குடிப்பதால் 108 என்று காட்டுகிறது. எர்த் இருந்தால் இந்தக் கசிவு சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். உங்களிடம் அது போகவில்லை. புறங்கை அதைத்தான் சொல்கிறது.

டெஸ்ட் பொத்தானை நம்ப வேண்டாம். அது சுவிட்சுக்குள்ளேயே ஒரு தடையின் வழியாகச் சிறு மின்னோட்டத்தைக் கோணலாக ஓடவிட்டுத் தன்னைத்தானே சோதிக்கிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது விழும்.

எனக்கு நடந்தது இதன் தங்கை. இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்துக்காக வீட்டில் ஒரு சிறிய இயந்திரம் செய்தேன். மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டால் யூஎஸ்பி இணைப்பு அறுந்துவிடும், பற்றரியில் ஓட்டினால் நாள் முழுவதும் அறாது. சார்ஜரின் கசிவும் ஸ்பிண்டிலின் இரைச்சலும் யூஎஸ்பி கேபிளின் வழியாகவே வழி தேடிக்கொண்டிருந்தன. இரு பக்கத்தையும் மின்னால் பிரித்துத் தரவை மட்டும் கடத்தும் யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று போட்டதும் அடங்கிற்று. லிமிட் சுவிட்ச் விடயத்தில், ஆர்டுயினோ சிப்பின் உள்ளே இருக்கும் புல்அப் தடை (முனையை 5 வோல்டில் பிடித்து வைப்பது) 20 முதல் 50 கிலோஓம். இரண்டு மீட்டர் வயருக்கு அது மிகத் தளர்வான பிடி, வயர் அண்டெனாவாகி, பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது எழும் மின் இரைச்சலைப் பிடித்துவிடும். சுவிட்ச் முனையிலிருந்து 5 வோல்டுக்கு ஒரு 1 கிலோஓம் தடையும், முனைக்கும் ஆர்டுயினோவின் தரைக்கும் (ஜிஎன்டி) நடுவில் ஒரு 0.1 மைக்ரோபரட் கப்பாசிட்டரும் வையுங்கள். சில ரூபாய் வேலை.

செட்டியார் தெரு:

எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தெரியாது, நகை வேலை தெரியும். மோதிர அச்சுகளை மெழுகில் வெட்ட ஒரு சிறிய இயந்திரம் வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தேன், பூட்டினேன், சாம்பிராணி காட்டினேன், சுவிட்சைப் போட்டேன். துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். பவர் சப்ளையின் ஓட்டைகளிலிருந்து கடதாசித் துணுக்குகள் பறந்து தட்டாரப் பலகை முழுவதும் விழுந்தன. அழுகிய மீன் போல் ஒரு வாடை, இரண்டு நாள் போகவில்லை.

பக்கவாட்டில், பென்சில் முனை போகும் அளவு துளைக்குள், 115/230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருந்திருக்கிறது. அது 115இல் இருந்தது. அந்த நிலையில் உள்ளே மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் சுற்று வேலை செய்யுமாம். 230ஐக் கொடுத்தால் 200 வோல்ட் தாங்கும் கப்பாசிட்டர் ஒவ்வொன்றின் மேலும் 325 வோல்ட் ஏறும். அது எப்படித் தாங்கும்? சாம்பிராணி காட்டிய நேரத்தில் டோர்ச் அடித்துப் பார்த்திருக்கலாம்.

தெஹிவளை:

இசட் ஆழம் தவறுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நான் ஆறு மாதம் தொலைத்தேன்.

என் இயந்திரம் மெதுவாக வெட்டும்போது பத்தரை மாற்று. வேகமாக நகரச் சொன்னால் மட்டும் படி தவறும். மோட்டாரைச் சந்தேகித்தேன், டிரைவரைச் சந்தேகித்தேன், மென்பொருளில் வேகத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஆமையிடம் கொண்டுவந்தேன். பவர் சப்ளையைச் சந்தேகிக்கவே இல்லை, ஏனென்றால் அளந்து பார்த்திருந்தேன்: 36.1 வோல்ட், அம்சமாக. ஆனால் மோட்டார்கள் சும்மா நிற்கும்போது எடுத்த அளவு அது. சுமை இல்லாமல் நிற்கிறவன் எவனும் நிமிர்ந்துதான் நிற்பான்.

படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரின் சுருள் மின்னோட்டத்தை உடனே ஏற்றுக்கொள்ளாது, தள்ளத்தான் வேண்டும். வேகம் கூடக் கூட ஒவ்வொரு படிக்கும் கிடைக்கும் நேரம் குறைகிறது, அந்த நேரத்துக்குள் மின்னோட்டத்தை ஏற்றுவது வோல்டேஜின் வேலை. அது சரிந்தால் மெதுவான ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. வேக ஓட்டத்தில் பலம் போய்விடும்.

சுமை கொடுத்து அளக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சுமைக்கு எங்கே போவது? பஞ்சிகாவத்தைக்குப் போய் லொறி முன்விளக்கு மின்குமிழ் இரண்டு வாங்கினேன், 24 வோல்ட், 70 வாட். இரண்டையும் தொடராக இணைத்து 36 வோல்டில் மாட்டினால் ஏறத்தாழ இரண்டரை அம்பியர் இழுக்கும். தரை ஓட்டின் மேல் வைத்தேன், அவ்வளவு சூடு. மாட்டியதும் 36.1 கண் முன்னே 27க்கு விழுந்தது, வெளிச்சம் துடித்தது. மல்டிமீட்டரை ஏசி பக்கம் திருப்பினால், இருக்கவே கூடாத இடத்தில் இரண்டு வோல்டுக்குக் கிட்ட ஆட்டம். 350 வாட் என்று நெற்றியில் எழுதிய பெட்டி 100 வாட்டுக்கு முன்னால் மண்டியிட்டது.

பிளக்கைக் கழற்றி, ஒரு இரவு சும்மா விட்டு (உள்ளே 325 வோல்ட் தேங்கி நிற்கும், அவசரப்படாதீர்கள்), மறுநாளும் அளந்து பார்த்த பிறகுதான் மூடியைத் திறந்தேன். விசிறியின் இதழ்களில் எம்டிஎப் மரப்பலகைத் தூள் கம்பளி போல் படிந்திருந்தது. விசிறி சுற்றவில்லை. வெளியீட்டுப் பக்கத்தில் நான்கு கப்பாசிட்டர்கள், அவற்றில் மூன்றின் தலை தோசை உப்புவது போல் மெல்ல உப்பியிருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய தலை. 10 பாகை சூடு கூடினால் இவற்றின் ஆயுள் பாதி என்பது பழைய கணக்கு. காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள், கொழும்பு வெயிலில், எத்தனை பாதி போயிருக்கும்?

முதலாம் குறுக்குத்தெருவில் 105 பாகை தாங்கும் நல்ல கப்பாசிட்டர்கள் நான்கு, புதிய விசிறி ஒன்று. பழசை உறிஞ்சி எடுத்து, வெள்ளைக் கோடு எதிர்முனை என்பதை இரண்டு தடவை பார்த்து ஈயம் வைத்தேன். அதே மின்குமிழ்கள், 35.9 வோல்ட், ஆடவில்லை. ஆமை ஓட்டத்தை அன்றைக்கே கைவிட்டேன். லொறி மின்குமிழ்கள் இரண்டும் இப்போதும் மேசையின் கீழ் இருக்கின்றன. யாராவது பவர் சப்ளை கொண்டுவந்தால் முதலில் அவற்றுக்குத்தான் வேலை.

கொட்டாஞ்சேனை:

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள். கழற்றினேன். ஒரு பொறி, ஒரு டிரைவர் போயிற்று. டிபி 6560 வகைப் பழைய டிரைவர் போர்ட் வைத்திருப்பவர்கள் முதலில் 5 வோல்ட், பிறகுதான் மோட்டாரின் வோல்டேஜ் என்ற வரிசையையும் மறக்காதீர்கள். அதற்கும் ஒரு சிப் கொடுத்துத்தான் படித்தேன்.

மட்டக்குளி:

தம்பிமாரே, நான் மருதானையில் முப்பது வருடம் ரேடியோவும் தொலைக்காட்சியும் திருத்தியவன். இந்த சிஎன்சி பேரன் வாங்கியது. ஆனால் பழுது பழுதுதான்.

வெள்ளவத்தைத் தம்பி, உங்கள் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. பிளக்கிலிருந்து மண் வரை ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் நான் மண்ணிலிருந்துதான் தொடங்குவேன். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: எர்த் இல்லையென்று சொக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிடும் சிலர் இருக்கிறார்கள். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் இயந்திரச் சட்டம் முழுவதும் 230 வோல்டில் நிற்கும். எறும்பு ஊராது, ஆளைப் பிடித்துவிடும்.

பேரனின் இயந்திரத்தில் நான் கண்டது இரண்டு. திருகு முனைக்குள் போகும் வயர் நுனிகளுக்கு அவன் அழகாக ஈயம் பூசியிருந்தான். பார்க்க நேர்த்தி, ஆனால் ஈயம் மென்மையான பண்டம், அழுத்தத்தில் நாள்பட நசுங்கித் தளரும். மூன்று மாதத்தில் திருகு ஆடியது, முனை சூடேறிக் கருகியிருந்தது. வெட்டி எறிந்துவிட்டு நுனிக்குச் சிறு செப்புக் குழாய் போட்டு நசுக்கினோம். அடுத்தது, வயர்களைச் சுமந்து ஆடும் சங்கிலிக்குள் போகும் மோட்டார் வயர். வெளியே தோல் நன்றாகத்தான் இருந்தது. சுருளை அளந்தால் 2 ஓம். அளந்துகொண்டே வயரை ஒவ்வொரு விரற்கடையாக மடக்கினேன். ஓரிடத்தில் மல்டிமீட்டர் வாயை மூடிக்கொண்டது. உள்ளே செம்பு முறிந்து, நீட்டினால் தொட்டும் மடக்கினால் விட்டும் விளையாடியது.

இசட்டுக்கு வேறொரு கேள்வி. மோட்டார் தண்டுக்கும், அதை இசட்டின் திருகோடு இணைக்கும் கப்ளிங்குக்கும் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டுப் பார்த்தீர்களா?

வெள்ளவத்தை:

ஐயா, நீங்கள் சொன்னபடி மண்ணிலிருந்து தொடங்கினேன். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலான ஒழுங்கையில் எங்கள் வீடு. உப்புக் காற்று கதவுப் பிணைச்சலையே தின்னும். மின்சார வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தேன். பின்முற்றத்தில் எர்த் தண்டு எங்கே என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அவருடைய கறிவேப்பிலை மரத்தடியில். மண்ணை விலக்கினால் கிளிப் இருந்தது, கம்பியும் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் பச்சைக் களிம்பு மட்டும். பாஸ் இரண்டு விரலால் இழுத்தார், கம்பி கையோடு வந்துவிட்டது.

புதிய தண்டு, புதிய கிளிப், மேலே கிரீஸ். சட்டத்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இப்போது 1 வோல்டுக்கும் குறைவு. மொறட்டுவைத் தங்கை சொன்ன தடையையும் கப்பாசிட்டரையும் மூன்று சுவிட்சுகளுக்கும் வைத்தேன். லிமிட் வயரைச் சுற்றிய உலோக உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். பிரிட்ஜை நானே அணைத்து அணைத்துப் போட்டேன், அம்மா திட்டும் வரைக்கும். அலாரம் வரவில்லை.

இசட் மட்டும் பழையபடி ஆழம் தவறியது. தெஹிவளை நண்பரின் மின்குமிழ் சோதனையைச் செய்தேன்: 35.8 வோல்ட், ஆடவில்லை, பவர் சப்ளையில் குறையில்லை. பிறகுதான் ஐயாவின் பேனாக் கோடு. அரை மணித்தியாலம் வெட்டவிட்டுப் பார்த்தேன். தண்டில் ஒரு கோடு, கப்ளிங்கில் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல் அகலம். கப்ளிங்கின் பொடித் திருகு தளர்ந்திருந்தது. அறுகோணச் சாவியால் கால் சுற்று இறுக்கினேன்.

நான் மாற்றி வைத்த பழைய டிரைவர் நல்ல நிலையில் இருக்கிறது. கொட்டாஞ்சேனை நண்பருக்கு வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம்.