படிப்பகம் ஆண்டு விழா: நோட்டீஸ்ல ராக்கா, மெட்டலா?

செல்வின்: ஆண்டு விழா நோட்டீஸ் புரூப் வந்தாச்சு. 6 மணிக்கு முன்ன பிரஸ்ல ஓகே சொல்லணும். பிழை இருந்தா இப்பமே சொல்லுங்க.

செல்வின்: (படம்)

விஜி அத்தை: வில்லுப்பாட்டு 6 மணிக்குன்னுல்லா பேசினோம். 6.30ன்னு கெடக்கு.

செல்வின்: மாத்தச் சொல்லுகேன் அத்தை.

தாஸ் மாமா: அதுக்கு அடுத்த வரி. “இரவு 8 மணி: நம் ஊர் பிள்ளைகளின் ஹெவி மெட்டல் இசை”. இது ஆரு எழுதுனது? பிள்ளைய வாசிக்கது ஹார்ட் ராக் ஆக்கும்.

அபிஷா: நான்தான் மாமா எழுதிக் குடுத்தேன். எங்க பேண்ட் வாசிக்க ஏழு பாட்டுல நாலு மெட்டல்.

தாஸ் மாமா: ரிகர்சலுக்கு வந்து கேட்டவன்தானே நான். இங்கிலாந்து பேண்ட் டீப் பர்ப்பிளுக்க பாட்டுலதான் தொடங்குகிய. 1972 ஆல்பம். அடியில முழுக்க புளூஸ் ஓடுது, அமெரிக்க கறுப்பினத்தவருக்க பழைய பாட்டு முறை. அவியளுக்க கீபோர்டுகாரரு ஜான் லார்டுக்க ஆர்கன் கிட்டாருக்கு சமமா நிக்குது. அதுல மெட்டல் எங்க இருக்கு?

ஜினு: மாமா, மெட்டல் எங்கேருந்து வந்ததுன்னு கேட்டா பிளாக் சபாத், லெட் செப்பிலின், டீப் பர்ப்பிள் மூணு பேண்டையும் சேத்துத்தான் எல்லாரும் சொல்லுவாவ.

அபிஷா: அதுவும் ஜான் லார்டு அந்த ஹேமண்ட் ஆர்கன கிட்டார் சத்தத்தப் பெருக்குக மார்ஷல் ஆம்ப்ல குடுத்துல்லா உறும வச்சாரு. ஆர்கனையே அப்பிடி ஆக்குனவிய மெட்டலுக்கு ரொம்ப தூரமா மாமா?

தாஸ் மாமா: தூரம் இல்ல. ஆனா அது இல்ல. மோட்டார்ஹெட் பேண்ட்ல பாடுன லெம்மிய எடு. மேடையில ஏறி நின்னா “நாங்க மோட்டார்ஹெட், ராக் அண்ட் ரோல் வாசிக்கோம்”ன்னுதான் சொல்லுவாரு. 2015ல சாகுகது வர அதுல மாறல. கேக்குகவியதான் மெட்டல்னு எழுதி ஒட்டிட்டு இருந்தாவ.

அபிஷா: வாசிக்கவிய சொல்லுகதுதான் கணக்குன்னா, எங்க பேண்ட மெட்டல்னு நாங்கதானே சொல்லுகோம். அதையும் ஒத்துக்கணும்லா.

ராணி டீச்சர்: ரெண்டு பேரும் பேரப் பத்தியே பேசுகிய. எனக்கு ரெண்டும் ஒரே சத்தமாத்தான் கேக்குது. எத வச்சு ஹார்ட் ராக், எத வச்சு மெட்டல்னு சொல்லுகிய? நோட்டீஸ் வாசிக்கவியளும் என்ன மாதிரிதான் இருப்பாவ.

ஜினு: டீச்சர், எனக்கு அது கையில தெரியும். ஹார்ட் ராக்ல கிட்டார் சத்தம் கரகரன்னு இருந்தாலும் கம்பிய முழங்க விடுவோம். தாளம் கொஞ்சம் ஆடும். மெட்டல்ல வலது உள்ளங்கைக்க ஓரத்த கம்பியத் தாங்குக பிரிட்ஜ் பக்கத்துல கம்பி மேல லேசா வச்சுருப்போம். ரொம்ப அமத்தினா கம்பி செத்துப்போவும், விட்டா முழங்கிப்போவும், ரெண்டுக்கும் நடுவுல. அப்பம் நாதம் நீளாது, வெட்டி வெட்டி வரும். அதோட கூட அபிஷா ரெண்டு காலையும் வச்சு கிக் டிரம் அடிக்கா. குரலும் மெட்டும் அந்த வெட்டுக்குள்ள போய் உக்காரணும். புளூஸ் வாசிக்கது மாதிரி சாவகாசமா இழுக்க முடியாது.

ராணி டீச்சர்: இது புரியுது.

தாஸ் மாமா: கொள்ளாம் ஜினு, இப்பிடிச் சொன்னா நானும் ஒத்துக்கிடுவேன். கைக்குள்ள உள்ளதப் பேசு. டோனி ஐயோமி கதை தெரியுமா? பிளாக் சபாத் கிட்டார்காரரு. பர்மிங்காம்ல ஷீட் மெட்டல் பட்டறையில வேலை. 17 வயசுல மெஷின்ல பட்டு வலது கையில ரெண்டு விரல் நுனி போச்சு, நடுவிரலும் மோதிர விரலும். அவரு இடங்கையன். அதனால வலது கையாக்கும் கம்பிய அமத்துக கை. விரலப் போட்டுட்டு கிட்டார் எங்க வாசிக்க? பிளாஸ்டிக் குப்பிய உருக்கி விரலுக்கு மூடி செஞ்சு, மேல தோல ஒட்டி வாசிச்சாரு. கம்பிய மெலிசாக்கினாரு. 1971ல மூணாவது ஆல்பத்துல கம்பியத் தளத்தி மூணு அரைச்சுரம் கீழ இறக்கினாரு, விரலுக்கும் லேசு, சத்தத்துக்கும் கனம். நான் ஷார்ஜாவுல ஷீட் மெட்டல் கடையில நின்னவன், அந்த மெஷின் முன்னால நின்னாத்தான் இது என்னன்னு தெரியும். இன்னைக்கு மெட்டல் பிள்ளைய எல்லாரும் கம்பி இறக்குகது அங்க தொடங்கினதாக்கும்.

அபிஷா: அதத்தான் மாமா நானும் சொல்லுகேன். எங்க நாலு பாட்டும் இறக்கின டியூனிங். அந்த நாலும் மெட்டல்தானே.

தாஸ் மாமா: அந்த நாலுக்கு நான் மறுப்பு சொல்லல. முதல் பாட்டையும் அதுக்குள்ள திணிக்காதன்னுதான் சொல்லுகேன்.

விஜி அத்தை: பாட்டு நல்லா இருந்தா போதாதா மக்களே. பேருல என்ன இருக்கு?

அபிஷா: போதாது அத்தை. 1989ல அமெரிக்காவுல இசைக்குக் குடுக்க கிராமி பரிசுல ஹார்ட் ராக், மெட்டல் ரெண்டுக்கும் சேத்து ஒரே பரிசுன்னு புதுசா வச்சாவ. மெட்டல் பேண்ட் மெட்டாலிக்கா அந்த மேடையிலயே வாசிச்சாவ. பரிசு போனது ஜெத்ரோ டல்லுக்கு, புல்லாங்குழல் வச்சு வாசிக்க பேண்ட். சபையில கூவினாவ. எனக்கு ஜெத்ரோ டல் ரொம்ப இஷ்டம், நல்ல பேண்ட். ஆனா ஓட்டு போட்டவியளுக்கு அந்தப் பேருக்குள்ள என்ன இசை இருக்குன்னே தெரியல. அடுத்த வருஷம் ரெண்டாப் பிரிச்சாவ, 1990ல மெட்டல் பரிசு மெட்டாலிக்காவுக்குக் கெடச்சுது. பேரு சரியா இல்லன்னா உழைச்சவியளுக்குத்தான் நட்டம்.

விஜி அத்தை: அப்பிடியா காரியம். அப்பம் சரியாவே போடுங்க.

ஜினு: ஆனா ஊர் பேர வச்சும் சட்டைய வச்சும் பேரு போடுகதுதான் எனக்குப் பிடிக்காது. அமெரிக்கா சியாட்டில்ல இருந்து வந்த பேண்ட் எல்லாத்துக்கும் கிரஞ்சுன்னு ஒரே பேரு போட்டாவ. நிர்வாணா, வேகமா முரட்டுத்தனமா வாசிக்க பங்க் ராக் பக்கம், ஆலிஸ் இன் செயின்ஸ் மெட்டல் பக்கம், பேர்ல் ஜாம் பழைய ஹார்ட் ராக் பக்கம். மூணையும் அடுத்தடுத்து கேட்டாலே தெரியும். 1992ல நியூயார்க் டைம்ஸ், கிரஞ்சு பிள்ளையளுக்குள்ள பேசுக பாஷைன்னு ஒரு சொல்பட்டியல் போட்டுது. சியாட்டில் சப் பாப் ரெக்கார்டு கம்பெனியில முன்ன வேலை பாத்த மேகன் ஜாஸ்பர் போன்ல சும்மா இட்டுக்கட்டிச் சொன்ன சொல்லு அத்தனையும். பெரிய பத்திரிகை அப்பிடியே அச்சடிச்சுது.

செல்வின்: மணி 5.25. செண்டை வச்ச உங்க சொந்தப் பாட்டு இருக்கே, அது என்ன வகை? நாட்டுப்புற இசை கலந்த போக் மெட்டல்னு ஒண்ணு உண்டாமே.

ஜினு: அந்தப் பேரு வேண்டாம் அண்ணே. 1990ல இங்கிலாந்துல தொடங்கின ஸ்கைகிளாட் பேண்ட்ல வயலினும் நாட்டுப்புற மெட்டும் பாட்டுக்குள்ளயே இருந்துது. நாங்க செண்டைய இடையில கொஞ்ச நேரம் தாளத்துக்கு மட்டும் வச்சுருக்கோம். மெட்டு நான் கிட்டார்ல போட்டது. வில்லுப்பாட்டு அண்ணாச்சிமாரு வாசிக்க அதே மேடையில நின்னு நாங்களும் நாட்டுப்புறம்னு சொன்னா அது நியாயம் இல்ல.

தாஸ் மாமா: இது பேச்சு.

அபிஷா: பெங்களூரு அகம் பேண்ட் கர்நாடக ப்ராக்ரசிவ் ராக்னு சொல்லுகாவ. ராகத்த எடுத்து ஆலாபனையோட பாடுகாவ, அந்தப் பேரு அவியளுக்குப் பொருந்தும். திருவனந்தபுரம் அவியல் பேண்ட் 2008 ஆல்பத்துல மலையாளத்துலயே பாடினாவ, ஆல்டர்னேட்டிவ் ராக்னு பேரு. அதும் சரிதான். ஜினு சொன்னது மாதிரி, உள்ள இருந்தாத்தான் பேருல வரணும்.

ராணி டீச்சர்: நான் ஒண்ணு எழுதுகேன், பாருங்க. “இரவு 8 மணி: நம் ஊர் பிள்ளைகளின் ராக், மெட்டல் இசை. கனத்த கிட்டார், வேகமான டிரம்ஸ், சொந்தப் பாட்டுகளும் உண்டு.” கைக்குழந்தையோட வருகவிய ஸ்பீக்கர் பக்கம் இருக்கண்டாம்னு கீழ சின்ன எழுத்துல ஒரு வரி.

அபிஷா: எனக்கு சம்மதம் டீச்சர். “ஹெவி” இல்லன்னாலும் பரவாயில்ல, மெட்டல் இருந்தாப் போதும்.

தாஸ் மாமா: ராக் முன்ன, மெட்டல் பின்ன. வந்த முறையும் அதுதான். எனக்கும் சம்மதம்.

விஜி அத்தை: அந்தக் கைக்குழந்தை வரி ரொம்ப நல்லது டீச்சர்.

செல்வின்: பிரஸ்ஸுக்கு அனுப்பியாச்சு. அரை மணிக்கூறுல புது புரூப் தாறோம்னாவ.

தாஸ் மாமா: ஜினு, இன்னொண்ணு. ரிகர்சல்ல அந்த முதல் பாட்ட ஆர்கன் இல்லாம ரெண்டு கிட்டார்ல ஒப்பேத்துகிய. அது சரிப்படாது.

ஜினு: கீபோர்டுக்கு ஆள் இல்ல மாமா.

தாஸ் மாமா: டீச்சருக்க மவன் சர்ச் கொயர்ல வாசிக்கான்லா. டீச்சர், அவன நாளைக்கு சாயங்காலம் படிப்பகத்துக்கு அனுப்புங்க. ஆர்கன் பாகத்த நான் பாட்டுக் கேட்டு எழுதி வச்சுருக்கேன். கீபோர்ட கிட்டார் ஆம்ப்ல குடுத்துப் பாப்போம்.

ராணி டீச்சர்: டியூஷன் முடிஞ்சு 7 மணிக்கு வருவான்.